கூரையில்லாத வண்டியில் கோகிலவாணி

"ஒண்ணுமில்லைங்க, வெறும் நீர்க்கட்டி" என்று டாக்டரம்மா சொன்னதை, விளிம்புவரை நிறைந்த செம்பை ஏந்தி வருகிறவளைப் போல, தளும்பிவிடாமல் ஆஸ்பத்திரிப் படிகளில் இறக்கிக் கொண்டுவந்தாள் கோகிலவாணி. வெளியே கோயமுத்தூர் வெயில் வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தது. அந்த வழக்கம்போல என்பதே அவளுக்கு அதிசயமாக இருந்தது. அவளுடைய கார் வேப்பமரத்தடியில் நின்றது. கூரையில்லாத வண்டியை மரத்தடியில் விட்டால் வேறென்ன ஆகும், இரண்டு சீட்டிலும் பழுத்த இலைகள் விழுந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கி எறிவதற்குக்கூட மனம் வராமல் அப்படியே ஏறி உட்கார்ந்தாள். காவலாளி பக்கத்தில் வந்து நின்று, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, "ஏனுங்க மேடம், லிட்டருக்கு எத்தன குடுக்குமுங்க?" என்றார். "கேக்காதீங்க, அழுதுருவேன்" என்றாள். அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் தன் காதிலேயே விழுந்தபோதுதான் அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. சாவியைத் திருப்பினாள். சோக்கை இழுக்க வேண்டும், இழுத்தாள். ஸ்டார்ட்டர் குமிழை இழுக்க வேண்டும், விரல் நிற்காமல் நடுங்கியது. உள்ளே டாக்டரம்மாவின் முன்னால் நடுங்காத விரல், காத்திருந்த கூடத்தில் நடுங்காத விரல், எல்லாம் முடிந்த பிறகு இப்போது போய் நடுங்குகிறதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இழுத்தாள். வண்டி இரண்டு தரம் கனைத்து, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது.

நீர்க்கட்டி. மேட்டுப்பாளையம் சாலையின் நெரிசலில் பஸ்களின் சக்கர உயரத்துக்குத் தணிந்து போய்க்கொண்டிருந்தவள் அந்த வார்த்தையை நாக்கில் உருட்டினாள். நீர். கட்டி. நீர் எப்படிக் கட்டியாகும், பனிக்கட்டியானால் ஆகும், இதெல்லாம் வகுப்பில் பிள்ளைகள் கேட்டுச் சிரிக்கிற கேள்வி. குன்னூர்க் கல்லூரியில் இத்தனை வருஷமாக இயற்பியல் நடத்துகிறவள், நிறை என்றால் என்ன எடை என்றால் என்ன என்று ஒவ்வொரு ஆனியிலும் புதுப்பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்கிறவள், குளிக்கும்போது இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஒன்று விரலில் நெருடிய அன்றைக்கு, அது எவ்வளவு எடை இருக்கும் என்றுதான் முதலில் யோசித்தாள். கிராம்கூட இருக்காது. ஆனால் அன்றிலிருந்து நடக்கும்போதெல்லாம் இடது பக்கம் சாய்ந்து நடப்பது போலவே இருந்தது. ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தார்கள், முடிவுக்கு இன்றைக்கு வரச் சொன்னார்கள். கணவர் திருமூர்த்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சக்கரக் கம்பி தளர்ந்திருக்கிறது, காந்திபுரத்தில் கொடுத்து முறுக்கி வர வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் கிளம்பினாள். கணவரிடம் பொய் சொல்ல வண்டியை இழுத்துவிட்டதில் அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இந்த வண்டியில் யோசிக்க முடியாது, இரண்டு கையும் இரண்டு காலும் இதற்கே வேண்டும். அதுமட்டுமல்ல. கெட்ட சேதியென்றால், அதற்கு முன்னால் ஒரு தரம் மலையிறங்கி ஓட்டியிருக்க வேண்டும் என்றும் அவளுக்குள் ஒருத்தி நினைத்திருந்தாள். அந்த ஒருத்தியை இப்போது நினைத்தால் பாவமாக இருந்தது. காலையில் இதே சாலையில் எதிர்ப்பக்கம் வந்தவள், புளியமரங்களையெல்லாம் விடைபெறுகிற மாதிரி பார்த்துக்கொண்டு வந்தவள். போடி பைத்தியமே, என்று அவளைப் பார்த்துச் சொன்னாள், வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போனவன் திரும்பிப் பார்த்தான்.

எதிர்க்காற்று நெற்றியில் அடித்தது. காரமடைக்குப் பிறகு சாலை திறந்துவிட்டது. மூக்கு நீண்ட, கருஞ்சிவப்பான எம்.ஜி. என்கிற இந்தச் சின்ன இங்கிலாந்து வண்டியின் சத்தம் பாக்குத் தோப்புகளுக்குள் போய் மோதித் திரும்பி வந்தது. இதை அவள் கண்டுபிடித்த கதை எல்லாருக்கும் தெரியும், இல்லை, அவளுக்கு இது காட்டப்பட்ட கதை. கல்யாணமான புதிதில், திருமூர்த்தி வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையின் பின்பக்கத்தில், ஓட்டை விழுந்த கொட்டகைக்குள் என்னமோ கிடக்கிறது என்று அவர்தான் கூட்டிப்போனார். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப் போனது. சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. உடம்பு தகடுதான், உள்ளே அதைத் தாங்குவது மரச்சட்டம், சட்டத்தைச் செல் அரித்து மாவாக்கியிருந்தது. அவள் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். ஒரு வண்டியின் மூலையை ஒரு பெண்பிள்ளை தூக்குகிறாள், அது கொஞ்சம் எழும்பிக் கொடுக்கிறது. அவ்வளவுதான், அங்கேயே விழுந்துவிட்டாள். யுத்தம் முடிந்த இங்கிலாந்தில் இரும்புக்குப் பஞ்சம், பெட்ரோல் அளந்துதான், ரொட்டிகூட அளந்துதான், சாமானை வெளிநாட்டுக்கு விற்கிற கம்பெனிக்குத்தான் தகடு என்று அரசாங்கம் சொன்ன காலம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டாள். அந்தப் பஞ்சத்திலிருந்துதான் இந்த விளையாட்டுச் சாமான் வந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க யாருக்கும் வசதியில்லை, யுத்தத்துக்கு முந்தின வண்டியையே கொஞ்சம் அகலப்படுத்தி வெளியே விட்டார்கள். அங்கே முகாம் போட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள், தங்கள் ஊரில் படகு மாதிரி பெரிய வண்டி ஓட்டியவர்கள், இதில் ஒரு தரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஊருக்குப் போகும்போது இதையும் கப்பலேற்றினார்கள். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை வண்டி. தவளைக் கண் வைத்த மாதிரி விளக்குள்ள ஒன்று, அதற்கு வெளியே கதவுப்பிடியே கிடையாது, டிக்கிக்கு மூடி கிடையாது, சீட்டுக்குப் பின்னால் கைவிட்டுத்தான் பெட்டியை இழுக்க வேண்டும். காதலி வீட்டுக் கொட்டகையில் பழைய ஆஸ்டின் கார் ஒன்றைப் பிரித்துப்போட்டு, எது எது வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துக் கழித்து ஒருவன் ஆரம்பித்த கம்பெனி லோட்டஸ். பெரிய எஞ்சின் வாங்க வக்கில்லாதவர்கள் எடையைக் குறைத்தார்கள், இவ்வளவுதான் விஷயம். விசையைக் கூட்ட முடியாதா, நிறையைக் குறை, முடுக்கம் தானாக வரும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து இந்த வண்டியைக் காட்டுவாள். நாற்பதில் போனாலே எண்பதில் போகிற மாதிரி இருக்கும். பூமி அவ்வளவு பக்கம், கதவின் வெட்டில் முழங்கையை வைத்தால் தார்ச்சாலையின் சூடு தெரியும். அவளுக்கு வேண்டியது வேகமில்லை, போகிறோம் என்று தெரிய வேண்டும், அது போதும். வேண்டாததை எடுத்துவிடு. வேண்டாததை எடுத்துவிடு என்றுதான் அன்றைக்குக் குளியலறையிலும் தோன்றியது, எடுத்துவிட்டால் ஒரு பக்கம் இலேசாகிவிடும், வளைவில் திரும்பும்போது வலது பக்கமாகச் சாய்வேன் என்று நினைத்து, ஈரத்தலையோடு தனியே நின்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறி, குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டாள். வெளியிலிருந்து திருமூர்த்தி, "தண்ணி வீணாப் போவுது பாரு கோகி" என்றார்.

அவரிடம் ஏன் சொல்லவில்லை. பவானிப் பாலத்தைத் தாண்டும்போது அது வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. இந்த வண்டியில் எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது என்று காட்டுகிற முள்ளுதான் ஓட்டுகிறவருக்கு நேராக இருக்கும், வேகம் காட்டுகிற முள்ளை இடது பக்கத்தில் உட்காருகிறவருக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் எதற்கு அப்படி வைத்தானோ, அவள் வீட்டில் அதன் பலனை அனுபவித்தவர் திருமூர்த்தி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற மனிதர். "முப்பத்தஞ்சு... நாப்பது... கோகி, நாப்பத்திரண்டு" என்று வாசித்துக்கொண்டே வருவார். அது மைல் கணக்கு, அதைக் கிலோமீட்டராக்கி மனதுக்குள் அவர் பயந்து முடிப்பதற்குள் வளைவு தாண்டிப் போயிருக்கும். அவளுக்கு எஞ்சினின் பாடு மட்டும்தான் தெரியும், எவ்வளவு வேகத்தில் எங்கே போகிறது என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் பார்த்துப் பயப்பட வேண்டியது. அதனால்தான் சொல்லவில்லை என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். சொல்லியிருந்தால் இத்தனை நாளும் ஒவ்வொரு நாளாக வாசித்துக்கொண்டிருப்பார். அவர் தாங்க மாட்டார். இல்லை, அவர் தாங்காததைப் பார்க்க நான் தாங்க மாட்டேன். இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்கப் போனால் அது நழுவி நழுவிப் போயிற்று. போகட்டும், இனிமேல் எதற்கு அது. ஒன்றுமில்லையே. ஒன்றுமில்லாததைச் சொல்லவே வேண்டாமே. கம்பி முறுக்கியாச்சு என்று சொல்லிவிட்டுச் சோற்றை வடிக்கலாம். கல்லாறு வந்தது, குளுமை வந்தது, மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து முகத்தில் நிழலும் வெயிலுமாக மாறி மாறிப் போட்டன, மலை ஆரம்பித்தது.

முதல் வளைவுக்கு இரண்டாம் கியருக்கு மாற்றியபோதுதான் இடது சீட்டில் கைப்பைக்குள் போன் அடித்தது. எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி. பின்னால் ஊட்டி பஸ்காரன் முட்டிக்கொண்டு வந்து ஹாரன் அடித்தான், முன்னால் லாரி, நிறுத்த ஓரமில்லை, ஒரு கையை எடுத்தால் வளைவில் ஸ்டியரிங் நிற்காது. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. பேரைக் காட்டிக்கொண்டு அது பைக்குள்ளே ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்கியது. எதற்குக் கூப்பிடுகிறார்கள். ரிப்போர்ட்டைச் சாயங்காலம் வாட்ஸப்பில் அனுப்புவதாகத்தானே சொன்னார்கள், பணமெல்லாம் கட்டியாயிற்று, மருந்து எதுவும் இல்லை. ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினவளை எதற்குத் திரும்பக் கூப்பிடுவார்கள். அகலமான இடம் ஒன்று வந்ததும் ஓரங்கட்டி, பஸ்ஸையும் அதன் புகையையும் போகவிட்டு, போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள், பாறை மேல் ஏறி நின்று பிடித்தாள். குரங்கு ஒன்று உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த மஞ்சள் சேலை நினைவுக்கு வந்தது. காலையில் காத்திருந்த கூடத்தில் நர்ஸ் "கோகிலா" என்று கூப்பிட்டதும் இரண்டு பேர் எழுந்தார்கள். இவள் ஒருத்தி, மஞ்சள் பருத்திச் சேலையில் நாற்பது வயது மதிக்கத்தக்க இன்னொருத்தி. நர்ஸ் ஏதோ வரிசை எண் கேட்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெண் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்க்கா, உங்க பேரும் கோகிலாதானுங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். ஊர் அன்னூர், பனியன் கம்பெனியில் தையல் வேலை. அவளுக்கும் ஊசி குத்தி எடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் கூட வந்திருக்கிறார், இந்தக் கூடத்துக்குள் வரப் பயந்துகொண்டு வெளியே டீக்கடையில் நிற்கிறார் என்றாள். பேசிக்கொண்டே இவளுடைய கையைப் பிடித்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்றிருந்தது. "நீங்க மொதல்ல போயிட்டு வந்தீங்கன்னா எனக்குச் சொல்லிப்போட்டுத்தானுங்க்கா போகோணும். நானும் வந்து சொல்றேன்." சரி என்று இவள் சொன்னாள். சொல்லிவிட்டு, உள்ளே போய், ஒன்றுமில்லை என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால் அந்த மஞ்சள் முதுகு அங்கேயே குனிந்து உட்கார்ந்திருந்தது. இன்னும் உள்ளே போகாதவளிடம் போய் எனக்கு நல்லபடியாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது. சொன்னால் அந்த முகம் என்ன ஆகும். அடுத்த நடைவழியாகத் திரும்பி, திருடிக்கொண்டு போகிறவளைப் போல வந்துவிட்டாள்.

திருடிக்கொண்டுதான் வந்தேனோ. பாறையிலிருந்து இறங்கி, வண்டியைக் கிளப்பி, மறுபடி ஏறத் தொடங்கியவள் அதிலேயே சுற்றினாள். டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத்தான் சொன்னார். வயசைக் கேட்டாரா. கேட்கவில்லை. ஊரைக் கேட்டாரா. எந்தப் பக்கம் என்று கேட்டாரே, இல்லை, "இடது பக்கந்தானே" என்றார், இல்லை, இடது பக்கம் என்று நானாகச் சொன்னேனா, அவர் தலையை ஆட்டினாரா. அந்த ஒரு நிமிஷத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் டாக்டரம்மாவின் வாய் வேறு மாதிரி அசைந்தது. ஒரு தரம் கண்ணாடியைக் கழற்றினார், ஒரு தரம் கழற்றவில்லை. கோகிலா என்று இரண்டு பேர், ஒரே நாளில் ஊசி, ஒரே நாளில் முடிவு, மாறிப்போவதற்கு என்ன பெரிய காரணம் வேண்டும். மாறிப்போனதைக் கண்டுபிடித்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்த நீர்க்கட்டி அன்னூர்க்காரியுடையது. என்னுடையது வேறு. இல்லை, இல்லை, மாறவில்லை, என்னுடையது என்னுடையதுதான், இது வேறெதற்கோ, என்று வேண்டினாள். மாறக்கூடாது, மாறக்கூடாது என்று ஒவ்வொரு வளைவுக்கும் வேண்டினாள். வேண்டிக்கொண்டே போனவளுக்கு ஒரு வளைவில், ஸ்டியரிங்கைப் பாதி சுற்றியிருந்த நேரத்தில், தான் எதை வேண்டுகிறோம் என்பது தெரிந்தது. இரண்டில் ஒருத்திக்குக் கெட்ட சேதி என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டு, அது மஞ்சள் சேலைக்காரிக்கே இருக்கட்டும் என்றல்லவா கேட்டுக்கொண்டிருக்கிறாள். கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டவள். டீக்கடையில் பயந்துபோய் நிற்கிற ஒரு மனிதனுடைய பெண்டாட்டி. சீ என்று ஆயிற்று. சரி, எனக்கே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தாள், அதுவும் வரவில்லை. அதைச் சொல்ல முடியாத தன்னைப் பார்த்துக்கொண்டு, வண்டி எவ்வளவு இலேசாக ஏறுகிறது, நான் எவ்வளவு கனமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பர்லியாறு வரைக்கும் ஓட்டினாள்.

பர்லியாற்றில் பழக்கடைகளின் முன்னால் நிறுத்தியபோது அவள் முகத்தைப் பார்த்தே கடைக்காரம்மா எழுந்து வந்தாள். "என்னங்கம்மா, மயக்கமா வருதா?" போனைக் காட்டி, சிக்னல் இல்லை என்று சொல்வதற்குள் அந்த அம்மாள் தன் ஜாக்கெட்டிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். "எங்குளுது இங்க எடுக்குமுங்க. பேசுங்க, பேசுங்க." எண்ணைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தினாள். மணி போயிற்று. மங்குஸ்தான் பழங்களை அடுக்கி வைத்திருந்த கூடையின் பின்னல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஒரு பின்னல் மேலே, ஒரு பின்னல் கீழே. "கோகிலவாணி மேடமா? ஆமாங்க மேடம், நாங்கதான் ரெண்டு தரம் கூப்பிட்டோம்" என்றது வரவேற்பு மேஜைப் பெண்ணின் குரல். என்ன விஷயம் என்று கேட்பதற்குள், "லைன்லயே இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டாள். புல்லாங்குழல். இப்படி ஒரு நேரத்தில் யாராவது புல்லாங்குழல் போடுவார்களா. டாக்டருக்கு மாற்றுகிறாள். டாக்டர் நேராகப் பேசப் போகிறார் என்றால் அதுதான், அதுவேதான். கோகிலவாணி கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். புல்லாங்குழல் பாதியில் அறுந்து, "அக்காவ்! நாந்தானுங்க, அன்னூர் கோகிலா!" என்று காது கிழிய ஒரு குரல் வந்தது. "எனக்கு ஒண்ணுமில்லியாமுங்க்கா! வெறும் கொழுப்புக் கட்டியாமா. டாக்டரம்மா நடுவுல ஆபரேசனுக்குப் போயிட்டாங்க, இப்பத்தான் வந்து சொன்னாங்க. எம்பட போனு வீட்டுக்காரரு கையில மாட்டிக்கிச்சு, இந்தப் புள்ளகிட்டத்தான் கெஞ்சிக் கூத்தாடி உங்க நம்பரப் போடச் சொன்னேன். நீங்க பாட்டுக்குச் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்களே. எனக்கு ஒரே பயம். அக்காவுக்கு என்னமோ சொல்லிப்போட்டாங்களாட்டம் இருக்குது, அதுதான் மூஞ்சியக் காட்டாமப் போயிட்டாங்கன்னு, நான் உள்ள போற வரைக்கும் எங்குளுத விட்டுப்போட்டு உங்களுக்குத்தானுங்க சாமி கும்பிட்டுட்டு இருந்தேன். சொல்லுங்க்கா, என்ன சொன்னாங்க உங்களுக்கு?" கோகிலவாணி கூடையின் விளிம்பை விட்டாள். "எனக்கும் ஒண்ணுமில்ல கண்ணு. நீர்க்கட்டிதானாம்." அந்தப் பக்கம் ஒரு கூச்சல், யாரோ அதட்டுகிற சத்தம், மறுபடி கூச்சல். "அட அத அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க்கா! இம்புட்டு நேரம் ஒரு ஜீவன இப்படிப் பதற வெப்பீங்களா?" "உன் மூஞ்சியப் பாக்க எனக்குப் பயமா இருந்துச்சு கோகிலா. நீ இன்னும் உள்ள போகல. அதுதான்." "அது சரிதானுங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் ஓடியிருப்பேன்" என்றாள் அன்னூர்க்காரி, பெரிய மனசு பண்ணி. பிறகு, வீட்டுக்காரர் வந்துவிட்டார், அவரும் அழுகிறார், வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தவளின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "ஊட்டுல யாருக்காச்சும்..." என்று இழுத்தாள் கடைக்காரம்மா. "இல்லீங்க, நல்ல சேதிதான்." "நல்ல சேதிக்கா இந்த அழுவ அழுவறீங்க? வண்டி ஓட்டோணுமில்ல, உக்காருங்க செத்த" என்று முக்காலியை இழுத்துப் போட்டு, ஒரு மங்குஸ்தானை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பிளந்து நீட்டினாள். வெள்ளைச் சுளை நாக்கில் கரைந்தது. தன்னை நினைத்து அந்தப் பெண் கும்பிட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் தான் எதைக் கும்பிட்டுக்கொண்டு மலையேறினோம் என்பதைக் கோகிலவாணி யாரிடமும் சொல்லப் போவதில்லை. அது அவளுடனே இருக்கும். ஆனால் அது இப்போது குத்தவில்லை, முன்னைவிட அதிகமாக அழத்தான் வைத்தது, அந்த அழுகையும் நன்றாக இருந்தது. இரண்டு பேருக்கும் இல்லை என்று ஒரு விடை இருக்கும் என்பது இத்தனை வருஷம் கணக்குப் போட்டவளுக்குத் தோன்றவே இல்லையே. மீதி மலையை அவள் ஓட்டினாளா, வண்டி தானாகவே ஓடிற்றா என்று தெரியவில்லை. வளைவுக்கு முன்னால் கியரை இறக்கி, சுற்றி, வளைவு முடியும்போது மிதித்தால் வண்டி பூனைக்குட்டி மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு தாவியது. யூகலிப்டஸ் வாசம் வந்தது, ஈர மண் வாசம் வந்தது, எங்கோ விறகுப் புகை, எங்கோ தேயிலை வறுபடும் வாசம். கூரையிருக்கிற வண்டியில் வருகிறவர்களுக்கு மலை படமாகத்தான் தெரியும், இதில் வந்தால் மலைக்குள்ளேயே ஒரு வாசத்திலிருந்து இன்னொரு வாசத்துக்கு, ஒரு குளிரிலிருந்து இன்னொரு குளிருக்கு ஏறிவர வேண்டும். உடம்பு இருந்தால்தான் இதெல்லாம் என்று நினைத்தாள். உடம்பு இருந்தது. இரண்டு பக்கமும் இருந்தது. எதிரே வந்த வேன் ஜன்னலிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகாட்டின, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அவளும் காட்டினாள்.

குன்னூர் தாண்டி வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்தபோது திருமூர்த்தி ஸ்வெட்டரும் மண் கையுமாக ரோஜாச் செடிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். "கம்பியெல்லாம் முறுக்கியாச்சா?" என்றார். முறுக்கியாச்சு என்ற வார்த்தை வாயில் தயாராக இருந்தது, வழியெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தாள். அதைச் சொன்னால் இந்த நாள் அதோடு முடிந்துபோகும். அன்னூர் கோகிலாவின் கூச்சல் காதிலேயே நின்றது, இம்புட்டு நேரம் ஒரு ஜீவனை. "காந்திபுரம் போகலீங்க" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மார்ல ஒரு கட்டி இருந்துச்சு, சோதிச்சாங்க. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. புத்து இல்ல. நெசமாவே ஒண்ணுமில்லீங்க." அவர் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போடவில்லை, மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார். சாய்ந்து நிற்கிறதா என்று பார்த்தார். படியில் வந்து உட்கார்ந்தார். "எப்பத் தெரிஞ்சுது?" சொன்னாள். "ஊசி போட்டாங்களா?" "ஆமாங்க." "வலிச்சுதா?" "கொஞ்சம்." "தனியாவா போனே?" "நீங்க தாங்க மாட்டீங்கன்னு..." அவர் நிமிர்ந்து பார்த்தார், கோபம் என்று சொல்ல முடியாது, அவள் அதற்கு முன் பார்த்திராத ஒரு பார்வை. "நான் தாங்குவேனா மாட்டேனான்னு நீயே முடிவு பண்ணிட்டியா, அம்மிணி? தாங்காட்டித்தான் என்ன? கூட உக்காந்து தாங்காம இருந்திருப்பேனில்ல" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய மண் கை நடுங்கிக்கொண்டிருந்தது, காலையில் வேப்பமரத்தடியில் அவளுடைய விரல் நடுங்கியதைவிட மோசமாக. அவளுக்கு முடிந்துபோன பயத்தை அவர் இப்போதுதான் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது. குளியலறையிலிருந்து, ஊசியிலிருந்து, காத்திருந்த கூடத்திலிருந்து, அத்தனை நாளையும் இந்தப் படியில் உட்கார்ந்தே அவர் கடந்து வர வேண்டும். அவசரப்படுத்த முடியாது. "டாக்டரு என்ன வார்த்தை சொன்னாங்க, அப்படியே சொல்லு" என்றார். சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னாள். மஞ்சள் சேலையைப் பற்றிச் சொன்னாள், போனைப் பற்றிச் சொன்னாள், புல்லாங்குழலைச் சொன்னபோது அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணைத் துடைக்கப் போய் நெற்றியெல்லாம் மண்ணாயிற்று, சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள், முகத்தை நீட்டிக் கொடுத்தார். வெயில் தேயிலைச் சரிவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அவர் எங்கே வந்திருக்கிறார் என்று அவர் மூச்சை வைத்தே பார்த்துக்கொண்டு, வந்து சேரட்டும் என்று காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். தோள் இறங்கியது. "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டியே நீ" என்றார், யாரையோ குற்றம் சொல்கிற குரலில். "ஒரு பழம் சாப்பிட்டேனுங்க." "எனக்கும் பசிக்குது" என்றார் அவர், எழுந்து, கையைக் கழுவ வீட்டுக்குள் போனார்.